உடலை அறிவோம்: சிறுநீர் உருவாகும் விதம்

சென்ற இதழில் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பற்றிப் பார்த்தோம். இம்முறை, அந்த இரத்தத்தை இரவும் பகலும் சலித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகங்களைப் பற்றிப் படிப்போம். இதயத்தைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் விருப்பம். அது பாட்டில் வருகிறது, கவிதையில் வருகிறது. சிறுநீரகத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்கு இடக்கரடக்கல் என்று பெயர் தந்தார். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது அது. 'ஒன்றுக்குப் போகிறேன்' என்று நாம் சொல்வதும் அந்த வழக்கைச் சேர்ந்ததே. பேச்சுக்கு அது அழகுதான். ஆனால் மருத்துவர் முன் உட்கார்ந்த பிறகும் அந்தக் கூச்சத்தை விடாமல், எரிச்சலையும் அடைப்பையும் மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு, கடைசியில் காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாக மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் நம்மில் பலர். ஆகவே இந்தக் கட்டுரையில் இடக்கரடக்கலுக்குச் சற்று விடுமுறை கொடுப்போம்.

இருப்பிடமும் அளவும்

சிறுநீரகங்கள் இரண்டு. குண்டிக்காய் என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். அவரை விதை வடிவம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளம், 150 கிராம் எடை. வயிற்றறையின் பின்சுவரை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி விலா எலும்புகள் பாதி மறைத்திருக்க அவை அமைந்துள்ளன. வலப்பக்கம் கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். இடுப்புக்குக் கீழே வலித்தால் 'கிட்னியில் ஏதோ கோளாறு' என்று பயப்படுவோர் உண்டு. அது பெரும்பாலும் தசைவலியாக இருக்கும். சிறுநீரக வலி அதைவிட மேலே, விலா எலும்புக்குக் கீழே விலாப்புறத்தில் தோன்றும்.

இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக, இவற்றின் வழியே பாய்கிறது. இந்தச் சிறிய உறுப்புக்கு இத்தனை இரத்தம் எதற்கு? உணவூட்டத்துக்காக அன்று, சலிப்பதற்காகவே.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிடுவோம். நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றிலிருந்து நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போவதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்த பிறகே அது சிறுநீரகத்தை அடைகிறது. அதுபோல, சிறுநீரில் மிகுதியாக உள்ள யூரியா என்னும் கழிவைச் சிறுநீரகம் உண்டாக்குவதில்லை. நாம் தின்னும் பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள புரதம் சிதையும்போது அம்மோனியா தோன்றுகிறது. அது நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அதை வெளியே அனுப்பும் பொறுப்பு மட்டுமே சிறுநீரகத்துடையது.

வடிகட்டும் முடிச்சுகள்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய அலகுகள் உள்ளன. இவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நூல்பந்து போன்ற ஓர் இரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கிண்ணம். 1842-இல் இதை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் பௌமன் பெயரால் அது பௌமன் கிண்ணம் எனப்படுகிறது. முடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் அகலமானது, வெளியே கொண்டுபோகும் குழாய் குறுகலானது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிப் பீறிடுமோ அப்படி, முடிச்சுக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர், உப்புகள், சர்க்கரை, யூரியா ஆகிய சிறிய பொருள்கள் கிண்ணத்துக்குள் வடிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் சல்லடையில் தங்கிவிடுகின்றன.

இவ்வாறு வடிவது நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி லிட்டர், நாளொன்றுக்கு 180 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் பன்னிரண்டு குடம். 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்குத் தெருத்தெருவாகக் காத்துக் கிடந்தோமே, அந்த 12,000 லிட்டர் லாரி ஒன்றை ஒரு மனிதரின் சிறுநீரகங்கள் 67 நாளில் வடித்துவிடும்.

ஆனால் நாம் கழிக்கும் சிறுநீர் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி 178 லிட்டருக்கு மேல் என்ன ஆயிற்று? திரும்பவும் இரத்தத்துக்கே போய்விட்டது.

இது என்ன வீண் வேலை என்று தோன்றும். பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் முறையை எண்ணிப்பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் குப்பையைத் தேடுவதற்குப் பதிலாக, எல்லாச் சாமான்களையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் உள்ளே எடுத்துவைக்கிறோம். எடுக்காதது போகியில் போய்விடுகிறது. சிறுநீரகத்தின் முறையும் இதுவே. உலகில் உள்ள கழிவுகளையும் நஞ்சுகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் காண அது கற்றிருக்க வேண்டியதில்லை. வேண்டியவை எவை என்று தெரிந்தால் போதும். நேற்றுக் கண்டுபிடித்த ஒரு புது மருந்துகூட, நம் முன்னோர் உடல் ஒருபோதும் பார்த்திராதது, பெரும்பாலும் இந்த வழியில் வெளியேறிவிடுகிறது.

திரும்ப எடுத்தல்

கிண்ணத்திலிருந்து புறப்படும் நுண்குழாயின் முதல் வளைவிலேயே வடிந்த தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்படுகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய முழுவதும் இங்கேயே திரும்பிவிடும். சர்க்கரையை ஏற்றிச் செல்லும் சுமைகூலிகளுக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் அதன் அளவு 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லி கிராமைத் தாண்டினால் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் போகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சர்க்கரை நோயாளி அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், அதனால் தாகமெடுப்பதும் இதனாலேதான். எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம் முன்னோர் இந்நோயைக் கண்டறிந்தனர். சித்த மருத்துவத்தில் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்க்கும் நெய்க்குறி என்னும் முறையும் உண்டு. சிறுநீரை ஆராயத் தக்க பொருளாக மதித்த மரபு நம்முடையது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இன்றைய பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. அமிலம், மிகுதியான பொட்டாசியம், பெனிசிலின் போன்ற சில மருந்துகள் ஆகியவற்றைக் குழாயின் சுவர்கள் இரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீருக்குள் தள்ளுகின்றன.

அடுத்து வருவதுதான் சிறுநீரகத்தின் மிக நுட்பமான பகுதி. இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஊறுகாய் ஜாடியும் ஹென்லே வளைவும்

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி மூடி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நாம் ஊற்றிய தண்ணீர் அன்று. வெளியே உள்ள உப்பு மாங்காயின் தண்ணீரை இழுத்திருக்கிறது. தண்ணீரைப் பம்பு வைத்து இறைக்கும் வித்தை நம் உடலணுக்களுக்குத் தெரியாது. உப்பை இறைக்கத் தெரியும். உப்பை ஒரு பக்கம் குவித்துவிட்டால் தண்ணீர் தானாகப் பின்னால் வரும். சிறுநீரகம் செய்வது இதைத்தான்.

நுண்குழாய் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியிலிருந்து உட்பகுதிக்குக் கொண்டை ஊசிபோல இறங்கி, வளைந்து, மீண்டும் மேலே ஏறுகிறது. 1862-இல் இதை விவரித்த ஜெர்மானிய அறிஞர் ஹென்லே பெயரால் இது ஹென்லே வளைவு எனப்படுகிறது. இறங்கும் பாதை தண்ணீரை வெளியே விடும். ஏறும் பாதை தண்ணீரை விடாது. உப்பை மட்டும் வெளியே இறைக்கும். அந்த உப்பு இரண்டு பாதைகளுக்கும் இடையிலுள்ள திசுவில் சேர்கிறது. அது இறங்கும் பாதையிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் இழந்து உப்புக் கூடிய திரவம் வளைவைத் தாண்டி ஏறும்போது, இறைப்பதற்கு இன்னும் அதிக உப்புக் கிடைக்கிறது. இப்படி ஒன்றுக்கொன்று உதவி, சிறுநீரகத்தின் ஆழத்தில் இரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவுள்ள ஒரு பகுதி உருவாகிறது. அதுதான் நம் ஊறுகாய் ஜாடி.

எல்லா நெஃப்ரான்களின் திரவமும் கடைசியில் சேகரிப்புக் குழாய்களில் சேர்ந்து, இந்த உப்பு நிறைந்த பகுதியின் ஊடாக இறங்கியாக வேண்டும். அந்தக் குழாய்களின் சுவரில் தண்ணீருக்கென்று நுண்ணிய கதவுகள் உள்ளன. அவற்றைத் திறப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரசின் என்னும் இயக்குநீர். உடலில் தண்ணீர் குறைந்தால் இயக்குநீர் சுரக்கும், கதவுகள் திறக்கும், தண்ணீர் இரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் கொஞ்சமாகவும் அடர்மஞ்சளாகவும் வரும். தண்ணீர் மிகுந்தால் கதவுகள் மூடிக்கொள்ளும், சிறுநீர் நிறமின்றி ஏராளமாக வரும். மது இந்த இயக்குநீரை அடக்கிவிடுகிறது. குடித்தவர் விடியும்வரை எழுந்து எழுந்து போவதும், காலையில் நாக்கு வறண்டு தலைவலியோடு விழிப்பதும் ஓரளவு அதனால்தான்.

நான்கு மடங்கு என்பது நம் உச்ச வரம்பு. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஒரு நாளின் கழிவைக் கரைத்து வெளியேற்றச் சுமார் அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். கடல்நீரின் உப்பைக் கழிக்க, குடித்த நீரைவிட அதிக நீர் செலவாகும் என்பதால்தான் நடுக்கடலில் திசைமாறிய மீனவர் கடல்நீரைக் குடித்து உயிர் தப்ப முடிவதில்லை. பாலைவனத்தில் வாழும் சில எலிகளுக்கு இந்த வளைவு மிக நீளமானது. அவை தண்ணீரே குடிக்காமல் வாழ்கின்றன.

சென்னையிலிருந்து வந்த விருந்தாளி

"ஏம்ப்பா, இங்க வந்ததுலேருந்து ராத்திரியில நாலு தடவை எழுந்து போறேனே, சர்க்கரை வந்துடுச்சோ?" என்று மார்கழியில் சென்னையிலிருந்து வரும் சித்தப்பாக்கள் கேட்பதுண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் வியர்வையாகப் போன தண்ணீர் இங்கே சிறுநீராகப் போகிறது. குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் உட்பகுதிக்கு வருவதால், தண்ணீர் மிகுந்துவிட்டதென்று உடல் கருதிக்கொள்வதும் ஒரு காரணம். பத்து நாளில் பழகிவிடும். தாகமும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் மட்டும் சர்க்கரைக்குச் சோதிக்க வேண்டும்.

இந்தக் குளிர்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வியர்க்காததால் இங்கே பலருக்குத் தாகம் தோன்றுவதில்லை. குளிரூட்டிய கணினி அலுவலகத்தில் காலையிலிருந்து மாலைவரை இரண்டு காப்பியோடு நிறுத்திக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். எத்தனை டம்ளர் குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம். பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுவோருக்கு இந்த அடையாளம் செல்லாது, மாத்திரையே மஞ்சளாக்கிவிடும். சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும். அவர்களுக்கு 'நிறையக் குடி' என்ற அறிவுரை கேடாக முடியும்.

சிறுநீர்ப்பை

சேகரிப்புக் குழாய்களிலிருந்து வடியும் சிறுநீர், சிறுநீரகத்தின் நடுவிலுள்ள புனல் போன்ற பகுதியில் சேர்ந்து, 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பையை அடைகிறது. அது தானாக வழிந்து இறங்குவதில்லை. குழாயின் தசைகள் அலையலையாகச் சுருங்கித் தள்ளுகின்றன. அதனால்தான் படுத்திருக்கும்போதும் இந்த வேலை நடக்கிறது. குழாய்கள் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைவதால், பை நிறைந்து சுருங்கும்போது அவற்றின் வாய் நசுங்கி மூடிக்கொள்கிறது. சிறுநீர் பின்னோக்கிப் போகாது.

பெரியவர்களின் பை 400 முதல் 500 மில்லி லிட்டர் கொள்ளும். 150 முதல் 200 சேர்ந்தவுடனேயே முதல் உணர்வு தோன்றுகிறது. பையின் சுவர் விரியும் செய்தி தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. கைக்குழந்தைக்குத் தண்டுவடமே முடிவெடுத்துவிடும், நிறைந்தால் போய்விடும். இரண்டு மூன்று வயதில் மூளை அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறது. 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல நாம் கற்றுக்கொள்வது அப்போதுதான். உரிய இடம் கிடைத்ததும் மூளை தடையை நீக்க, வெளிவாயின் தசை தளர, பையின் தசை சுருங்கிச் சிறுநீர் வெளியேறுகிறது.

'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் இந்தத் திறமையைப் பெண்கள் மீது நம் ஊர்கள் சுமத்தியிருக்கும் அளவுக்கு வேறு யார் மீதும் சுமத்தவில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன்பே கூடையோடு உட்காரும் பூக்காரம்மா, நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து எந்த வீட்டிலும் கழிவறைக் கதவைத் திறக்க உரிமையில்லாத பெண், பீணியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடை வரிசையில் மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கின் கீழ் தைப்பவர், போக்குவரத்துக் காவலில் நிற்பவர், இவர்கள் எல்லோரும் கண்டுபிடித்திருக்கும் வழி ஒன்றே: தண்ணீரே குடிக்காமல் இருப்பது. தொழிலாளருக்குக் கழிவறை, அதிலும் பெண்களுக்குத் தனியாக, அமைக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கழிவறை இருப்பது வேறு, எழுந்து போக மேற்பார்வையாளர் முகம் சுளிக்காமல் இருப்பது வேறு. நம் வீட்டுப் பெண்களும் விலக்கல்லர். சாந்திநகரில் இரவு பேருந்தேறித் திருநெல்வேலிக்குப் போக வேண்டுமென்றால் மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள்.

இதில் உடல் சார்ந்த ஓர் அநீதியும் சேர்கிறது. ஆணின் சிறுநீர்த்தாரை 18 முதல் 20 சென்டிமீட்டர் நீளம்; பெண்ணுடையது 4 சென்டிமீட்டர்தான். குடலில் வாழும் ஈகோலி கிருமி அந்தக் குறுகிய தூரத்தை எளிதில் கடந்து பைக்குள் புகுந்துவிடுகிறது. அடிக்கடி கழிக்கும்போது அது அடித்துச் செல்லப்படும். பல மணி நேரம் தேக்கி வைத்தால் பெருகும். முதலில் எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு. கவனிக்காவிட்டால் கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். அப்போது விலாவலியும் குளிர்நடுக்கக் காய்ச்சலும் வரும். கருவுற்ற பெண்களுக்கு இது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று மாமியாரும் அம்மாவும் சொல்வது அன்பினால்தான். காய்ச்சல் வந்துவிட்டால் மோரோடு நிறுத்தக்கூடாது.

ஆண்களுக்கு ஐம்பதுக்கு மேல் வேறு தொல்லை. சிறுநீர்த்தாரையின் தொடக்கத்தைச் சூழ்ந்துள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெரிக்கும். ஒழுக்கு மெலியும், பை முழுதும் காலியாகாது, இரவில் பலமுறை எழ நேரும். வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடாமல் காட்டினால், பலருக்கு மாத்திரையே போதும்.

ஆழ்துளைத் தண்ணீரும் கல்லும்

காவிரி நீர் வராத பகுதிகளில் குடியிருப்போர் நெஞ்சில் உள்ள பயம், 'போர் தண்ணி குடிச்சா கல் வரும்' என்பது. பெங்களூருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் தொடங்கி, நாளுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாகக் கிடைக்க வழி பிறந்தது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் தெருக்கள் நிறைய உண்டு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கால்சியம்தான் வயிற்றிலும் படியும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் கடினநீரின் குற்றம் உறுதியாக நிறுவப்படவில்லை. சிறுநீர்க் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தவை. சிறுநீர் செறிந்துவிட்டால் கரைந்திருக்கும் இவை படிகமாகின்றன. குறைவாகக் குடிப்பதே முதற்குற்றவாளி. அடுத்தது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு கூடும்போது சிறுநீரில் கால்சியமும் கூடுகிறது. பாலையும் தயிரையும் நிறுத்துவது தவறு. உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். அது குறைந்தால் ஆக்சலேட் தாராளமாக உள்ளே போகும். ஒருமுறை கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்கவேண்டும் என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. வாழைத்தண்டுச் சாறும் தண்ணீர்தானே, குடிக்கலாம். அது கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி ஸ்கேன் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. சிறிய கற்கள் எதுவும் குடிக்காமலேயே வெளிவந்துவிடும் என்பதால் பல சாறுகளுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

சத்தமில்லாமல் வரும் கேடு

கல் வலியால் கத்த வைக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் செய்யும் கேட்டில் வலியே இல்லை. வடிகட்டும் முடிச்சுகள் ஆண்டுக்கணக்கில் மிகை அழுத்தத்தில் வேலை செய்து தழும்பாகின்றன. அழிந்த நெஃப்ரானுக்கு மாற்று கிடையாது என்று முன்பே பார்த்தோம். எஞ்சியவை அதன் சுமையையும் ஏற்றுக்கொண்டு இன்னும் விரைவாகத் தேய்கின்றன. சல்லடை கிழிந்து புரதம் ஒழுகத் தொடங்குவது முதல் அறிகுறி. சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பது அதன் அடையாளமாக இருக்கலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, வேலைத்திறன் பாதியாகக் குறையும்வரைகூட இயல்பு எல்லைக்குள்ளேயே காட்டக்கூடும். 'கிரியாட்டினின் நார்மல்' என்று மட்டும் கேட்டு நிம்மதி அடையாமல், சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை சிறுநீரில் ஆல்புமின் அளவையும், கிரியாட்டினினோடு வயதைச் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டும் திறனையும் கேட்டு வாங்கவேண்டும்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முடிச்சுக்குள் நுழையும் குழாய் அகலமாக இருப்பதால் வடிதல் நடக்கிறது என்றோமல்லவா? அதை அகலமாக வைத்திருக்கும் பொருளையே டைக்ளோபினாக், இபுபுரூஃபன் போன்ற மருந்துகள் தடுக்கின்றன. இளைஞர் பல்வலிக்கு இரண்டு நாள் சாப்பிட்டால் கேடில்லை. அறுபது வயதில், சர்க்கரையும் உள்ளவர், முழங்கால் வலிக்காக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு கதை.

சிறுநீரகம் தோற்கும்போது கால் வீக்கம், பசியின்மை, மூச்சிரைப்பு மட்டும் வருவதில்லை. சோகையும் வருகிறது; இரத்த அணுக்களை உண்டாக்கத் தூண்டும் இயக்குநீரைச் சுரப்பதும், வைட்டமின் டியைச் செயலுக்குக் கொண்டுவருவதும் சிறுநீரகமே. செயற்கைக் கருவியால் இவற்றைச் செய்ய முடியாது. அது சலிக்க மட்டும் செய்யும். 1943-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் கொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் உறையைக் கொண்டு முதல் டயாலிசிஸ் கருவியை அமைத்தார். இன்று வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் ஒரு நோயாளி அதனோடு இணைந்திருக்கவேண்டும். சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்யும் வேலைக்கு 12 மணி நேரம் ஈடாகாது என்பது சொல்லாமலே விளங்கும். பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள அரசு சிறுநீரகவியல் நிறுவனத்தில் ஏழை எளியோர் சிகிச்சை பெறுகின்றனர். 2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே மேலான வழி. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் இரட்டையர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி மருத்துவர் ஜோசப் மர்ரே வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அந்த வெற்றியைப் பெற்றது. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, இடுப்பின் இரத்தக்குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைக்கிறார்கள். உயிருள்ளவர் தந்த சிறுநீரகம் என்றால், இரத்தம் பாய்ந்த சில நிமிடங்களில் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்குவதுண்டு.

ஒன்று போதும் என்பதால் இன்னொன்றை விற்கலாம் என்ற வியாபாரமும் நம்மிடையே நடந்தது. 1980-களில் சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்றே அழைத்தார்கள். பெங்களூரும் அந்நாளில் இதற்கு விலக்கன்று. 1994-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. விற்றவர்கள் என்ன ஆனார்கள்? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வொன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனிலேயே இருந்தார்கள். விற்றவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் கிடைத்தால் இந்தச் சந்தைக்கு வேலையிராது. கர்நாடகத்தில் இதற்கான அரசு அமைப்பு ஜீவசார்த்தகதே. அங்கே பதிவு செய்துகொள்வதோடு வீட்டாரிடமும் சொல்லி வைக்கவேண்டும்; தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று அந்தத் தாளில் கையெழுத்திடப் போகிறவர்கள் அவர்களே.